பதினோரு மணி நேரம்

"வந்துட்டாளா?"

பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அப்பாவின் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்த ஜெயமலர், கையை நிறுத்தாமலேயே, "வந்துக்கிட்டே இருக்காப்பா" என்றாள். விடிந்ததிலிருந்து இந்த ஒரு கேள்விக்கு அவள் சொன்ன பதில்களை எல்லாம் சேர்த்தால் அக்கா லோகேஸ்வரி நியூசிலாந்துக்கும் இந்தக் கூலிமுக்குமாக நாலு தடவை போய் வந்திருக்கவேண்டும்.

தப்பு மலர் மேல்தான். நேற்று மத்தியானம், இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். நுரையீரல் இரண்டும் போய்விட்டிருந்தது. ஆம்புலன்ஸ் வீட்டு முனை திரும்பும்போதே காளிமுத்து பெரிய மகளைக் கேட்டார். மலர் போனை எடுத்து, அக்கா விமானம் ஏறும் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து, வந்து இறங்கும் பினாங்கு எவ்வளவு தூரம் என்று தட்டிப் பார்த்தாள். ஒன்பதாயிரம் கிலோமீட்டர் சொச்சம், பறக்கப் பதினோரு மணி நேரம் என்று கண்ணிமைப்பதற்குள் வந்து நின்றது. "பதினோரு மணி நேரந்தாம்பா. அக்கா இப்ப கெளம்புனா விடியறதுக்குள்ள வந்துருவா" என்று அவர் காதில் சொல்லிவிட்டாள். சொல்லும்போது சந்தோஷமாகக்கூட இருந்தது, பாவி.

அது வெறும் தூரத்தை வேகத்தால் வகுத்துப் போட்ட கணக்கு. அந்த ஊரிலிருந்து பினாங்குக்கு நேராக வரும் விமானம் என்று ஒன்று கிடையவே கிடையாது. லோகா வேலை செய்யும் மாட்டுப்பண்ணையிலிருந்து ஏர்போர்ட்டுக்கே பாதி நாள் ஓட்டம். நேற்றைய விமானம் அதற்குள் போயே போய்விட்டது. இன்று காலையில் ஏறி, சிங்கப்பூரில் இறங்கி, அங்கே காத்திருந்து, இன்னொன்றில் ஏறிப் பினாங்கு வந்து, பாலத்தைத் தாண்டி, கூலிம் வந்து சேரும்போது ஊர் இரவுச் சாப்பாட்டை முடித்திருக்கும். அப்பா அவளை எதிர்பார்த்துக் கண்ணைத் திறந்த அதே விடியலில்தான் அவள் அங்கே விமானத்தில் ஏறிக்கொண்டிருந்தாள்.

இதை அவரிடம் யார் சொல்வது? முப்பது வருஷம் கூலிமில் பாக்டரி பஸ் ஓட்டிய மனுஷன். நேரம் என்றால் அவருக்கு நேரம்தான். முனையில் நிறுத்தி ஒரே ஒரு ஹாரன். ஆள் வரவில்லையா, போய்க்கொண்டே இருப்பார். ஒரு நாள் காலைவேலைக்குக் கிளம்பிய மலர் ஒரு செருப்பை மாட்டி இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வர, சொந்த மகளையே விட்டுவிட்டுப் போனார். "பஸ்ஸு ஒங்கப்பன் வீட்டு பஸ்ஸா?" என்று சாயந்திரம் அவரே கேட்டுச் சிரிக்கவும் செய்தார். யாருக்கும் காத்திருக்காத அந்த மனுஷன்தான் இப்போது ஒவ்வொரு மூச்சையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்துக் கிடந்தார்.

மூச்சு என்று சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் கழுத்தெலும்புக்கு மேலே இருந்த குழி உள்ளே போய் வந்தது. வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் பெட்டி கட்டிலுக்கடியில் உறுமிக்கொண்டிருந்தது. வலிக்குக் கொடுத்த மருந்தை நாக்குக்கடியில் விட்டால் பாதி கடைவாயில் வழிந்தது. ஆனாலும் மலர் விடுவதாக இல்லை. விமானத்தில் ஏறுவதற்கு முன் லோகா அழுதுகொண்டே சொன்னது அப்படி. "மலரு, நான் வர்ற வரைக்கும் அப்பாவ புடிச்சு வையுடி. விட்றாதடி. ஆறு வருஷமாச்சுடி நான் பாத்து." மலர், "விடமாட்டேன்க்கா, நீ வா" என்றிருந்தாள்.

மருதம்மாள் அத்தை காலையிலேயே யான் ஊரிலிருந்து பஸ் மாறி வந்து இறங்கிவிட்டாள். காளிமுத்துவின் ஒரே தங்கை. கையில் ஒரு சின்னப் பொட்டலத்தில் மண் வேறு. பிறந்து வளர்ந்த எஸ்டேட் மண்ணைக் கரைத்து ஊற்றினால் இழுபறி தீரும் என்று எடுத்து வந்திருந்தாள். எஸ்டேட் எங்கே இருக்கிறது? ரப்பர் மரத்தையெல்லாம் சாய்த்து பாக்டரி கட்டி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

"வேலி ஓரமா குனிஞ்சு அள்ளுனேன். காவலுக்கு நிக்கிற ஜாகா ஓடியாந்து, என்னா கெழவி திருடுறன்னு கத்துறான். எங்கண்ணன் சாவக் கெடக்குறாரு, ஒரு புடி மண்ணுக்கு ஒங்க மொதலாளி கொறஞ்சு போயிருவானாடான்னு கேட்டுட்டு வந்தேன்" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மண் கரைத்த தண்ணீரும் இறங்கவில்லை. பிறகு பால். அத்தை ஒரு கரண்டி, மலர் ஒரு கரண்டி, இரவு வேலை முடிந்து வந்து தூங்காமல் உட்கார்ந்திருந்த மலரின் கணவன் சத்தியசீலன் ஒரு கரண்டி. ஊற்றிய பால் அத்தனையும் வாயிலேயே நின்று, தலையைச் சாய்த்ததும் வெளியே வந்தது.

"உள்ள எறங்கல பாத்தியா?" என்றாள் அத்தை. "உசுரு ஆளுக்கு நிக்குது."

மலர் போனை எடுத்துப் பார்த்தாள். விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் படத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் விமானம், எத்தனை தடவை பார்த்தாலும் நகராத மாதிரியே நின்றது.

"எங்க இருக்கா இப்ப?"

"ஆஸ்திரேலியா மேல."

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். மஞ்சள் விமானத்தில் ஒரு விரலையும் பினாங்கில் ஒரு விரலையும் வைத்துப் பார்த்தாள். "ரெண்டு வெரக்கட தூரந்தான இருக்கு?"

"அந்த ரெண்டு வெரக்கடதான் அத்த ராத்திரி வரைக்கும்."

அத்தை கண்ணாடியைக் கழற்றினாள். அப்புறம் மலரை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நான் சொல்றத கோவப்படாம கேளு. ராத்திரி வரைக்கும் இந்தப் பாடு படணுமா அவரு? நீயே சொல்லிரு."

"என்னான்னு?"

"லோகா வந்துட்டேன்னு. ஒங்க ரெண்டு பேரு கொரலும் ஒண்ணுதான. போன்ல பேசுனா அவருக்கே தெரியாது. பெருசா சின்னதான்னு கேட்டுட்டுத்தான பேச்ச ஆரம்பிப்பாரு."

மலர் அத்தையை வெறித்துப் பார்த்தாள்.

"எங்க ஆத்தாவுக்கு அப்படித்தான் செஞ்சோம்" என்று அத்தை தொடர்ந்தாள். "ஒங்கப்பாரு அப்ப லோரி ஓட்டிக்கிட்டு கிளந்தான் போயிருந்தாரு. தகவல் சொல்ல வழியில்ல. ஆத்தா ரெண்டு நாளு இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு. கடைசில அடுத்த லயத்து வீட்டு முனியாண்டியக் கூட்டியாந்து, நான் காளிமுத்து வந்திருக்கேம்மான்னு சொல்லச் சொன்னோம். கையப் புடிச்சிச்சு. அவ்வளவுதான், போயிருச்சு. நிம்மதியா போச்சு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"நாந்தான் சொன்னேன்." அத்தை அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒரு வருஷம் எங்கூட பேசல."

"அப்பறம் எப்படி அத்த அதையே என்னையச் செய்யச் சொல்றீங்க? அக்கா அங்க பறந்துக்கிட்டு இருக்கா. பாதி வழி வந்துட்டா. விடமாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"அவ முழு ஒடம்போட பறக்குறா. இவரு?"

ஆனால் மலரை அறுத்துக்கொண்டிருந்தது அது மட்டுமில்லை. இத்தனை மாதமாக அவரைக் குளிப்பாட்டியது அவள். மலம் துடைத்தது அவள். ஆஸ்பத்திரி வரிசையில் கால் கடுக்க நின்றது அவள். பாக்டரியில் மேனேஜரிடம் கெஞ்சிக் கெஞ்சி லீவு வாங்கியது அவள். அதற்கெல்லாம் கணக்கு வைக்கவில்லை, சத்தியமாக வைக்கவில்லை. ஆனால் பக்கத்திலேயே இருக்கிறவளுக்காக யார் உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்?

"நான் லோகான்னு சொல்லிட்டா, அப்ப மலரு யாரு அத்த? எங்கிட்ட எப்ப சொல்லிட்டுப் போவாரு?"

அத்தை மலரின் கன்னத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் ஆக ஆகக் காளிமுத்துவின் பாடு அதிகமாயிற்று. கையால் படுக்கை விரிப்பைச் சுருட்டிச் சுருட்டி இழுத்தார். மூக்கில் மாட்டியிருந்த குழாயைப் பிடுங்கப் பார்த்தார். சத்தியசீலன் அவர் மணிக்கட்டை மெல்லப் பிடித்து விலக்கினான். அவனுக்கு இதையெல்லாம் தாங்கும் மனசு இல்லை. மாமாவின் பஸ்ஸில் வேலைக்குப் போய்த்தான் அவன் மலரையே பார்த்தான்.

"என்னால பாக்க முடியல மலரு" என்றான். "நீ என்னா முடிவு எடுத்தாலும் சரி. ஆனா முடியல லா."

அப்போது காளிமுத்துவின் உதடு அசைந்தது. மலர் காதைக் கொண்டுபோய் வாயருகே வைத்தாள். காற்றும் சளியுமாக ஒரே ஒரு சொல் வந்தது.

"லேட்டாவுது."

அவ்வளவுதான். மறுபடியும் கழுத்துக்குழி உள்ளே போயிற்று. விரல்கள் விரிப்பைத் தேடின. மலர் எழுந்து நின்றாள். போனில் விமானம் ஆஸ்திரேலியாவை இன்னும் தாண்டவில்லை. அவள் போனைக் கட்டில் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சீலனைப் பார்த்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அவருக்கு வாசல்ல காடி வந்து நிக்கிற சத்தம் கேக்கணும்" என்றான் மெதுவாக. "இல்லாட்டி நம்பமாட்டாரு."

இரண்டு பேரும் வெளியே போனார்கள். வெயில் கண்ணைக் குத்தியது. சீலன் காரைத் தெருமுனை வரை கொண்டுபோய்த் திருப்பி, வேகமாக வந்து வாசலில் பிரேக் போட்டான். கதவைத் திறந்து அடித்துச் சாத்தினான். மலர் கிரில் கதவை முழுக்கத் தள்ளித் திறந்தாள். எதிர்வீட்டு மலாய்க்காரப் பெண்மணி துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு, சீலனைத் தவிர யாரும் இறங்காத காரையும் சொந்த வீட்டுக்குள்ளேயே விருந்தாளி மாதிரி நுழையும் மலரையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே" என்று அத்தை உள்ளே உரக்கச் சொல்வது கேட்டது. "அண்ணே, காடி வந்துருச்சு. லோகா வந்துட்டா பாரு."

மலர் கட்டிலருகே வந்து மண்டியிட்டாள். எத்தனை தடவை உட்கார்ந்த இடம். இப்போது கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

"அப்பா."

அவர் கண் பாதி திறந்தது. கருவிழி எங்கேயோ பார்த்தது.

"பெருசா…" மூச்சு நின்று, திரும்ப வந்தது. "சின்னதா?"

சின்னதுப்பா, நான் சின்னதுப்பா என்று மலருக்குள் ஒன்று கத்தியது.

"பெருசுதாம்பா. லோகா வந்துட்டேன்."

அவர் கை விரிப்பை விட்டது. காற்றில் துழாவியது. மலர் தன் கையைக் கொடுத்தாள். இத்தனை நாளும் மருந்துக்கும் துடைப்பதற்கும் அவள் பிடித்துப் பிடித்துத் திருப்பிய கைதான். அது இப்போது தானாக வந்து அவள் கையைப் பிடித்தது.

"அங்க… குளுரா?"

"குளுருதாம்பா. ரொம்பக் குளுரு."

அவர் முகத்தில் ஏதோ தளர்ந்தது. நெற்றிச் சுருக்கம் ஒன்றொன்றாக விட்டது. முடிந்துவிட்டதோ என்று அத்தை முன்னால் குனியும்போது மறுபடி உதடு அசைந்தது.

"மலரு?"

வாயைத் திறந்தால் எந்தக் குரலில் அழுகை வரும் என்று மலருக்கே தெரியவில்லை. அத்தைதான் சமாளித்தாள். "உள்ள படுத்திருக்காண்ணே. எழுப்பட்டா?"

"எழுப்பாத." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு. "தூங்கட்டும். புள்ள… ராத்திரியெல்லாம்… ஒக்காந்தே இருந்துச்சு."

மலர் நெற்றியைக் கட்டில் சட்டத்தில் அழுத்திக்கொண்டாள். உடம்பு குலுங்கியது. சத்தம் வரவில்லை, வரவும் கூடாது. இப்போதுதான் விமானத்தில் வந்து இறங்கிய லோகா இதற்கு அழமாட்டாள். அத்தை பால் கரண்டியை அவள் கையில் திணித்தாள். "ஊத்தும்மா லோகா." மலர் ஊற்றினாள். காலையிலிருந்து இறங்காத பால் இறங்கிற்று. தொண்டைக்குழி ஏறி இறங்குவதை மூன்று பேரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மூச்சு வந்தது. இன்னொன்று வருமென்று காத்திருந்தார்கள். வரவில்லை. ஆக்சிஜன் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது. சீலன் குனிந்து அதை நிறுத்தினான்.

"அப்பா" என்றாள் மலர். அவரை உலுக்கினாள். "அப்பா, மலருப்பா. நான் மலருப்பா. முழிச்சிட்டேம்பா, இந்தாருக்கேம்பா, நான் தூங்கவே இல்லப்பா." காதில் வாயை வைத்துத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அத்தை அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். பிறகு இழுப்பதை விட்டுவிட்டு, தானும் அவள் மேல் சாய்ந்து, "எண்ணே, என்னப் பெத்த ராசா" என்று வீடு அதிர ஓலமிட்டாள்.

அப்புறம் சாவு வீட்டு வேலைகள் தானாக நடந்தன. அழுவதற்குக்கூட நேரம் விடாத வேலைகள். சீலன் அப்பாவின் ஐ.சி. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, இறந்ததைப் பதிய போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். வரும் வழியில் வாசலில் போடக் கூடாரத்துக்கும் சொல்லிவிட்டு வந்தான். தெரு ஆட்கள் நாலு பேர் அவரைத் தூக்கிப் போய்க் குளிப்பாட்டினார்கள். கூடத்தில் சோபாவை ஒதுக்கி, தெற்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். அத்தை வெள்ளைத் துணியைக் கிழித்துக் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். வாய் திறந்துகொள்ளாமல் இருக்கத் தாடைக்கு அடியிலிருந்து உச்சந்தலைக்கு ஒரு கட்டுப் போட்டாள். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. நெற்றியில் திருநீற்றோடு, தாடை கட்டிய அந்த முகம், பல்வலிக்காரர் முகம் மாதிரி இருந்தது.

மலர் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கையில் போன். விமானம் ஒருவழியாகக் கடலுக்கு வந்து, ஜாவாவைத் தாண்டி, சிங்கப்பூருக்கு மேலே ஒரு வட்டமடித்தது. வட்டமடிக்காமல் அப்படியே திரும்பிப் போய்விடக்கூடாதா என்று அவள் நினைத்தாள். அது இறங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. லோகா.

கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்களைப் பார்த்து அத்தை கையை உயர்த்தினாள். அழுகை நின்றது. அத்தை விறுவிறுவென்று வந்து மலரின் முழங்காலைப் பிடித்தாள்.

"சொல்லிறாத" என்றாள் அடித்தொண்டையில். "ஏர்போர்ட்ல தனியா நிக்கிறா. மயங்கி விழுந்தா தூக்கக்கூட நாதி இல்ல. இன்னொரு ஏரோப்ளேன் ஏறணும். வீட்டுக்கு வரட்டும்."

மலர் போனைக் காதில் வைத்தாள்.

"எறங்கிட்டேன்டி!" லோகாவின் குரலில் மூச்சு வாங்கியது. ஓடிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. பின்னால் யாரோ ஒலிபெருக்கியில் ஊர்ப் பேர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "சிங்கப்பூர் வந்துட்டேன். இனிமே ஒண்ணர மணி நேரந்தான். அப்பா?"

மலர் அத்தையைப் பார்த்தாள். கூடத்தில் அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"இருக்காரு" என்றாள்.

"அப்பாடா." லோகா அழுதாள், சிரித்தாள், இரண்டும் சேர்ந்து வந்தது. "மேல இருந்து வரும்போது பூரா வேண்டிக்கிட்டே வந்தேன்டி. நீ புடிச்சு வச்சிருப்பன்னு தெரியும். பேசுறாரா?"

"பேசல."

"பரவால்ல. காது கேக்கும்ல? போன அவரு காதுல வையி. நீ ஒண்ணும் சொல்லாத, நான் வந்துட்டேன்னு நானே சொல்றேன்."

மலர் எழுந்தாள். நடந்து போய் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். போனைக் கொண்டுபோனாள். தாடைக்கட்டுத் துணி காதை முழுக்க மூடியிருந்தது. மலரின் கை பாதியில் நின்றது.

"வச்சிட்டியாடி?" என்றது போன்.

மருதம்மாள் அத்தை வந்து எதிர்ப்பக்கம் குனிந்தாள். ஒரு விரலால் அந்தத் துணியைக் காதுக்கு மேலே மெல்லத் தள்ளிவிட்டாள்.